அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள்

ஏங் கண்ணு, இந்த சீட்டுக்கு ஆராச்சும் வராங்களா? வரலையா? அப்படின்னா சித்த நவுந்துக்கோ சாமி. முட்டி மடங்க மாட்டேங்குது. ஆங், போதும் போதும். பையை மடியிலயே வெச்சுக்கறேன். கீழ வெச்சா ஆராவது மிதிச்சுப்போடுவாங்க. மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது, பித்தளைச் சாமான்தான். ஆனாலும் புதுசுல்ல.

பாத்தியா, ரயில் கேட்டு போட்டுட்டான். எனக்குன்னே வந்து போடுவான் போல. கூட்ஸு வண்டியா இருந்துச்சுன்னா இன்னைக்குப் போன மாதிரிதான். காலேஜு உட்டு வர்றியா? நீ எங்க எறங்கோணும்? காங்கயமா? நான் அதுக்கு முன்னாலயே, புங்கமரத்து ஸ்டாப்பு. காப்பி நேரத்துக்குள்ள போயிரோணும். அவரு மேல தனியா இருக்கறாரு. நேரந் தப்புனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொல்லாம இருக்கறாரே, அதுதான் எனக்குப் பயம்.

மேலன்னதும் உன்ற மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? ஐயோ சாமி, மொட்டை மாடியைச் சொன்னேன். நல்லா இருக்கறாரு. எங்க ஊட்டு மாடியை நீ பாக்கோணும் கண்ணு. எங்க வீதியில எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. இரு, போன்ல போட்டோ இருக்குது. கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியாது, நீயே தள்ளிப் பாரு. பச்சையாத் தெரியுதா? அது புல்லு. நெசப் புல்லு இல்ல, விரிக்கறது. தண்ணி ஊத்த வேண்டியதில்ல, சீமாத்துல கூட்டுனாப் போதும். அது பிரம்பு சோபா. அந்த முட்டையாட்டம் தொங்குதே, அது ஊஞ்சலு. உள்ள ஏறி உக்காந்துக்கறது. என்ற மக கோகிலவாணி பெங்களூர்ல இருந்து ஆர்டர் பண்ணி அனுப்பி உட்டா. மேல கம்பி அடிச்சு ஷீட்டு போட்டு, சுத்தியும் தொட்டி, சீரியல் லைட்டு, எட்டுப் போட்டு நடக்கறதுக்குக் கூழாங்கல்லு பதிச்சது, எல்லாம் எங்க ரோசனைதான். மூலையில பாத்ரூம் கூட இருக்குது. அவருக்கு எதுக்காவது கீழ எறங்க வேண்டிய வேலை இருக்குதா சொல்லு? ஒண்ணுத்துக்கும் இல்ல.

எல்லாம் அவருக்காகத்தான் கண்ணு.

அவரு கண்டக்டரு. இதே ரூட்டுதான். ஆனா தனியார் பஸ்ஸு. வெடியால கோழி கூப்பிடறதுக்கு முன்னால போனா ராத்திரி நான் தூங்கினதுக்கப்பறம் வருவாரு. லீவுன்னு ஒரு நாள் இருந்தாலும், ட்ரைவர் குப்புராசுக்கு ஒடம்பு சரியில்ல, வேற ஆள் வந்திருக்கான், நான் கூடப் போகாட்டித் தடுமாறுவான்னுட்டு அன்னைக்கும் போயிருவாரு. கோகிலா பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸை நிறுத்திப்போட்டு வந்து பாத்துட்டுப் போனவரு அவரு. நெசமாத்தான் சொல்றேன். பஸ்ஸுல இருந்தவங்க அத்தனை பேரும் என்ன கொழந்தை, என்ன கொழந்தைன்னு கேட்டாங்களாம். பெருமையாச் சொல்லுவாரு. நான் படுத்துட்டே சன்னல் வழியா பஸ்ஸு போற சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன். ரெண்டு விசிலு. அவ்வளவுதான். போயிட்டாரு.

அதுக்காக நான் ஒரு நாளும் சண்டை போட்டதில்ல. ரிட்டயர் ஆகட்டும், ரிட்டயர் ஆகட்டும்னு இருந்தேன். எனக்கு நகை வேணுமா, நட்டு வேணுமா? சாயங்காலம் பொழுதோட நாங்க ரெண்டு பேரும் ஒரு எடத்துல உக்காந்து காப்பி குடிக்கோணும். அதுதான் எனக்கு வேண்டியது. அது பெரிய ஆசையா கண்ணு?

ரிட்டயர் ஆனாரு. மாலை போட்டுக் கொண்டாந்து உட்டாங்க. மறுநாள் வெடியால எந்திரிச்சுச் சட்டையைப் போட்டுட்டுக் கெளம்பிட்டாரு. எங்கீங்கன்னேன். சும்மாத்தான்னாரு. சும்மான்னா மயில்சாமி டீக்கடை. பஸ் ஸ்டேண்டை ஒட்டி இருக்குது. பழைய ட்ரைவரு, கண்டக்டரு, செக்கிங் இன்ஸ்பெக்டரு, அத்தனை பேரும் அங்க ஒரு மரப் பெஞ்சுல ஒட்டுக்கா உக்காந்து பழமை பேசிட்டு இருப்பாங்க. எந்த பஸ்ஸு லேட்டு, எவன் புதுசா வந்தவன், எவன் பிரேக்கை எப்படிப் போடறான். அதையே பேசறது. மத்தியானம் சோத்துக்கு வருவாரு, கையைக் கழுவுவாரு, திரும்பப் போயிருவாரு. பஸ்ஸு இல்ல, டிக்கெட் இல்ல, அப்படியும் மனுசன் ட்யூட்டிக்குப் போயிட்டு இருந்தாரு.

அங்கதான் மயக்கம் போட்டு உழுந்தாரு. அந்தப் பெஞ்சுல இருந்தேதான். நெஞ்சுல அடைப்பு. குப்புராசுதான் தோள்ல போட்டு, ஆட்டோவுல ஏத்தி, ஆஸ்பத்திரில சேத்துட்டு எனக்குப் போன் பண்ணான். அதென்னமோ வாஸ்தவந்தான், இல்லைன்னு சொல்லல. டாக்டர் கூடச் சொன்னாரு, இவங்க உடனே கொண்டாந்ததுனால பொழைச்சாருன்னு. ஆனா நீயே ரோசிச்சுப் பாரு. ஊட்ல இருந்திருந்தா உழுந்திருக்கவே மாட்டாருல்ல?

ஊட்ல நான் ஒருத்தி மட்டுந்தான் இருந்திருப்பேன், சரி. தோள்ல போட எனக்குச் சத்து ஏது? ஆனா உழுந்தே இருக்க மாட்டாருங்கறேன்.

வண்டி வருதா? இல்லையா? அது லாரி ஹாரனா? சரி.

ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் நான் சொல்லிப்போட்டேன். ஏனுங்க, இனி டீக்கடைக்குப் போகக் கூடாதுங்க. அங்க பீடிப் புகை, எண்ணெய்ப் பலகாரம், சக்கரை அள்ளிப் போட்ட டீ. சரின்னாரு. சரின்னுட்டு மறுநாள் போயிட்டாரு. நான் செருப்பை எடுத்து ஒளிச்சு வெச்சேன். வெறுங்காலோட போயிட்டாரு. என்ன பண்றதுன்னு தெரியாம கோகிலாவுக்குப் போன் பண்ணி அழுதேன். அவதான் சொன்னா. அம்மா, அப்பாவுக்கு ஊட்டுக்குள்ளயே கெடந்தா மூச்சு முட்டும், வெளிய இருந்தே பழகுனவரு. அதனால வெளிய இருக்கற மாதிரி ஒரு எடம் ஊட்லயே பண்ணிக் குடுத்துரலாம். காத்தும் வரும், வானமும் தெரியும். பெங்களூர்ல எல்லாரும் மாடியில அப்படித்தான் பண்றாங்க.

எனக்கு நெம்பப் புடிச்சுப்போச்சு. அன்னாடம் ஒரு படம் அனுப்புவா. அந்தச் சோபா, இந்த மெத்தை. நானும் என்னென்னமோ சொல்லுவேன். வெயிலடிச்சா எங்க உக்காருவாரு, மழையடிச்சா எங்க உக்காருவாரு, எல்லாம் நான்தான் நின்னு பாத்துப் பாத்துச் செஞ்சேன். கம்பி அடிச்ச வெல்டிங்காரரு கூடக் கேட்டாரு, ஏனுங்கம்மா, கல்யாண மண்டபம் ஏதாச்சும் கட்டறீங்களான்னு. என்ற வாழ்க்கையில நான் எனக்குன்னு ஒரு சமையல்கட்டு அலமாரியக் கூட இப்படி ரோசிச்சு வாங்குனதில்ல கண்ணு.

எல்லாம் முடிஞ்சு அவரை மேல கூட்டிட்டுப் போனேன். சுத்திப் பாத்தாரு. முட்டை ஊஞ்சல்ல உக்காருங்கன்னேன். உக்காந்தாரு. காலு எட்டல. உள்ள உக்காந்தபடியே என்னைப் பாத்தாரு. எப்படீங்க இருக்குதுன்னேன். நல்லாருக்குதுன்னாரு. அப்பறம் கேட்டாரு பாரு, "எங்கியாச்சும் போகுதா இது?"

கிண்டல் புடிச்ச மனுசன் கண்ணு. அப்பெல்லாம் பேசுவாரு.

மறுநாளும் டீக்கடைக்குத்தான் போனாரு. அப்பறம் நானே ரோசிச்சேன். அவருக்கு எடம் மட்டும் பத்தாது, ஆளுக வேணும். சரி, அவங்களையும் இங்கயே வரச் சொல்லிரலாம். நானே டீக்கடைக்குப் போய், எல்லாரும் ஞாயித்துக்கெழமை பொழுதோட எங்க ஊட்டு மாடிக்கு வாங்கன்னு கூப்பிட்டேன். வந்தாங்க. குளிச்சு, துவைச்ச வேட்டி கட்டிட்டு, சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரை வர்ற மாதிரி வந்தாங்க. நான் வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெய் பிழிஞ்சு எடுத்து வெச்சேன். சக்கரை கம்மியாக் காப்பி. செருப்பைக் கீழயே உட்டுட்டு வாங்கன்னேன், புல்லு அழுக்காயிருமுல்ல. பீடி வேண்டாம்னேன், மெத்தையில பொறி உழுந்துருமுல்ல. அப்பறம் நானும் ஒரு சேர் போட்டு உக்காந்துட்டேன்.

என்ன பேசறதுன்னே தெரியல அவங்களுக்கு. டீக்கடையில அந்தக் கத்துக் கத்துவாங்க. இங்க ஆளாளுக்குச் சோபா நுனியில உக்காந்துட்டு, "செடியெல்லாம் நல்லா வந்திருக்குதுங்க அம்மிணி", "காத்து நல்லா வருதுங்க அம்மிணி". குப்புராசு புல்லு மேல காலை வெக்கறதுக்கே கூச்சப்பட்டுட்டுத் தூக்கித் தூக்கி வெச்சான். நான்தான் பேசிட்டு இருந்தேன், கோகிலாவைப் பத்தி, மருந்து மாத்திரையைப் பத்தி. சித்த நேரத்துல எந்திரிச்சுட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை ஒருத்தரும் வரல. அதுக்கடுத்ததும் வரல. இத்தனைக்கும் நான் மாவு கரைச்சு வெச்சுட்டு இருந்தேன்.

அவங்க வரலைன்னதும் இவரு அங்க போனாரு. சரி, இதுக்கு வேற வழி இருக்குதுன்னு அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. ஆருக்கும் தோணாது கண்ணு இது. மயில்சாமிகிட்டப் போயி, அந்தப் பெஞ்சை எனக்குக் குடுத்துரப்பான்னு கேட்டேன்.

ஆமா, அந்த மரப் பெஞ்சைத்தான். அவன் முழிச்சான். பழசுங்களேம்மான்னான். அதுக்குப் பதிலா புதுசாப் பிளாஸ்டிக் சேரு வாங்கித் தரேன், கடைக்கும் லட்சணமா இருக்கும்னேன். சரின்னுட்டான். வண்டியில ஏத்திக் கொண்டாந்து, கால் ஒண்ணு ஆடுச்சு, அதுக்கு ஆப்பு வெச்சு, மேலெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பாலிஷ் போட்டு, ஒரு நீள மெத்தையும் தெச்சுப் போட்டேன். அவரு உக்கார்ற எடம் அங்க கொஞ்சம் பள்ளமா இருக்கும், அத்தனை வருசமா உக்காந்து உக்காந்து. அதையும் தேய்ச்சு மட்டமாக்கிட்டேன். ஊஞ்சல் பக்கத்துல போட்டு வெச்சு, அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவரு அந்தப் பெஞ்சையே பாத்துட்டு நின்னாரு கண்ணு. கையால தடவிப் பாத்தாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. நான் கல்யாணம் ஆனதுலருந்து அவரு அழுது பாத்ததில்ல. அவ்வளவு சந்தோசம் மனுசனுக்கு. எனக்கும் அழுவாச்சு வந்துருச்சு.

அதுக்கப்பறம் டீக்கடைக்குப் போகல. போனாலும் அங்க ஆரும் இருக்கறதில்லையாம். பிளாஸ்டிக் சேர்ல ஒட்டுக்கா உக்கார முடியாதுல்ல, ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்திட்டாங்களாம். மயில்சாமி சொன்னான். நான் என்ன பண்ண முடியும்? அவங்கவங்களுக்கும் ஊடு இருக்குது, பொண்டாட்டி இருக்குது.

அடடா, இந்தப் பக்கம் வெயிலு. சன்னலை எறக்கி உடு கண்ணு. போதும்.

நான் ஆசைப்பட்ட மாதிரி பொழுதோட நாங்க ரெண்டு பேரும் மாடியில உக்காந்து காப்பி குடிச்சோம். அந்த மாசந்தான் கண்ணு நான் நல்லா இருந்தேன். அவரு பெரிசாப் பேசல. பரவால்ல, பஸ்ஸுல பேசிப் பேசித் தொண்டை தேஞ்சு போன மனுசன். ஆனா என்ன, காப்பியைக் குடிச்சதும் எந்திரிச்சுப் போய்க் கைப்பிடிச் சுவரோரமா நின்னுக்குவாரு. ரோட்டையே பாத்துட்டு. குப்புராசு அந்தக் கெழட்டு மொபெட்டுல வந்து கீழ நின்னு ஹாரன் அடிப்பான். இவரு பெட்டியில கெடந்த பழைய விசிலை எடுத்து வெச்சிருந்தாரு, மேல இருந்து ஊதுவாரு. உனக்குத் தெரியுமுல்ல, ஒரு விசிலு அடிச்சா வண்டி நிக்கோணும், ரெண்டு அடிச்சாப் போகோணும். இவரு ஒண்ணு அடிச்சா அவன் நிப்பான். அங்கிருந்தே கத்திப் பேசுவாங்க. ரெண்டு அடிச்சா அவன் சிரிச்சுட்டே போவான். சின்னப் புள்ளைக வெளையாட்டு. அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க? அதுவுமில்லாம சுவத்துல சாஞ்சு சாஞ்சு நின்னாக் கெறக்கம் வந்து உழுந்துட்டா?

அதனால சுத்தியும் மூங்கில் தட்டி கட்டுனேன். ஆள் ஒசரத்துக்கு மேலயே கட்டுனேன். ரோட்டுத் தூசியும் வராது, பாக்கறதுக்கும் அழகா இருக்கும். கோகிலா கூட, அம்மா, ரிசார்ட்டாட்டம் இருக்குதுன்னா. பாரு, அடுத்த போட்டோவுல இருக்கும். தெரியுதா? தட்டி மேல சங்குப்பூக் கொடி ஏத்தியிருக்கேன். இப்ப அது அடர்ந்து வந்து ஒரு சந்து கூடத் தெரியறதில்ல. குப்புராசு வந்து ஹாரன் அடிச்சுப் பாத்தான். அப்பறம் அவனும் வரல.

ரோடு தெரியலைன்னதும் இவரு கீழ எறங்க ஆரம்பிச்சாரு. நான் சமையல்கட்டுல இருக்கறப்ப, பூனையாட்டம் எறங்கி, கதவைத் தொறந்து, பஸ் ஸ்டேண்டு வரைக்கும் போயி நின்னுட்டு வருவாரு. ஒருக்கா ஏதோ ஒரு பஸ்ஸுல ஏறி, காங்கயம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தாரு. மாத்திரை போடல, சாப்பிடல. எனக்கு உசுரு போயி வந்துச்சு. நான் என்ன பண்ணட்டும் சொல்லு? மாடிக் கதவுக்குப் படிக்கட்டுப் பக்கம் ஒரு தாப்பா இருந்துச்சு. நான் வெளிய தெருவ போகறப்ப அதைப் போட்டுட்டுப் போயிருவேன். அவரை அடைச்சு வெக்கறதுக்கில்ல. அப்படிச் சொல்லாத. மேல என்ன இல்ல? தண்ணி இருக்குது, பாத்ரூம் இருக்குது, ஊஞ்சலு இருக்குது. கொழந்தைகளைத் தொட்டில்ல போட்டுட்டுப் போறமில்ல, அதுமாதிரிதான்.

ஏங் கண்ணு, அப்படிப் பாக்கற? உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலையா? ஆனாத்தான் தெரியும்.

ஒரு நாளு சென்னிமலையில ஒரு கல்யாணம். எங்க பெரிய நங்கையா, அதான் எங்கண்ணன் பொண்டாட்டி, அவங்க பேத்திக்கு. போகாம இருக்க முடியாது. சோத்தைப் போசியில போட்டு மேல வெச்சுட்டு, தாப்பாவைப் போட்டுட்டுப் போனேன். மத்தியானமே வந்துரலாம்னுதான் போனேன். அன்னைக்குன்னு பாத்து அடிச்சுது பாரு மழை. மழைன்னா மழை, காத்தும் இடியும், ரோட்டுல மரம் சாஞ்சு பஸ்ஸு இதே மாதிரி நின்னுபோச்சு. இதே மாதிரிதான் நானும் சீட்டுல உக்காந்துட்டு, ஐயோ ஐயோன்னுட்டு இருந்தேன். அவரு போனு கீழ சார்ஜுல கெடக்குது. பக்கத்து ஊட்டு முத்தாயாகிட்டச் சொல்லலாம்னா, எங்க ஊட்டுச் சாவி என்ற இடுப்புல.

ஊட்டுக்கு வந்து சேர இருட்டிப்போச்சு. ஓடிப் போய் மாடிக் கதவைத் தொறந்தேன். ஷீட்டு ஒண்ணு பிச்சுட்டுப் போயிருச்சு. மெத்தையெல்லாம் ஊறிக் கெடக்குது. புல்லு மேல தண்ணி நிக்குது. அந்தப் பெஞ்சு மேல உக்காந்திருந்தாரு. நனைஞ்சு, நடுங்கிட்டு. பாத்ரூமுக்குள்ளயாச்சும் போயி நின்னிருக்கலாமுல்ல? போகல. வாங்க, வாங்க கீழன்னு கையைப் புடிச்சேன். கையை எடுத்துட்டாரு. மெதுவாத்தான் எடுத்தாரு. கோவமா எடுத்திருந்தாக் கூடப் பரவால்ல.

மறுநாள் முத்தாயா சொன்னா. மழை பெஞ்சுட்டு இருந்தப்ப விசில் சத்தம் கேட்டுதாம். ஒரு விசிலு. கொஞ்சம் உட்டு மறுபடி ஒரு விசிலு. பொழுதோட இருந்து இருட்டற வரைக்கும் கேட்டுட்டே இருந்துச்சாம். ஏதோ பஸ்ஸு நிக்குதாட்டமிருக்குதுன்னு நெனச்சுட்டாளாம் பாவம்.

ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். ரெண்டு நாள் சளி காய்ச்சலு, அவ்வளவுதான். டாக்டரை மேலயே கூட்டிட்டு வந்து காட்டினேன். ஏன்னா அவரு கீழ வரலை.

அதுதான் சொல்ல வந்தேன். அன்னைக்கிருந்து அவரு கீழ வர்றதே இல்ல கண்ணு. கதவைத் தொறந்து உட்டுட்டேன். ஏனுங்க, கதவு தொறந்துதான் கெடக்குது, எங்க வேணாப் போங்க, டீக்கடைக்குப் போங்க, காங்கயம் போங்க, நான் ஒண்ணும் சொல்லலைங்கன்னேன். அவரு பெஞ்சை விட்டு அசையலை. மெத்தையை எடுத்து அக்கட்டால வீசிட்டாரு, வெறும் பலகையிலதான் உக்கார்றது, படுக்கறது. இப்ப நான் தாப்பாவே போடறதில்ல. இன்னைக்கும் போடாமத்தான் வந்தேன். போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்.

கோகிலாகிட்டச் சொன்னா, அம்மா, அப்பாவுக்கு அவ்வளவு புடிச்சுப்போச்சா, பாத்தியா நான் சொன்னேன்லங்கறா. நானும் ஆமாங்கறேன். வர்றவங்களும் அதான் சொல்றாங்க. உங்க ஊட்டுக்காரரு குடுத்து வெச்சவரும்மா, மாடியே சொர்க்கமா இருக்குதுங்கறாங்க. அவரு அவங்களைப் பாத்துத் தலையாட்டுவாரு. எங்கிட்டத்தான் பேச மாட்டாரு. பசிச்சா ஒரு விசிலு. நான் சோத்து வட்டலை எடுத்துட்டு ஓடுவேன். தின்னு முடிச்சதும் ரெண்டு விசிலு. வட்டலை எடுத்துட்டு எறங்கிருவேன். நானும் காப்பியைக் கொண்டு போயி அவருகிட்ட உக்காந்து பாத்தேன். நான் உக்காந்ததும் ரெண்டு விசிலு அடிச்சாரு. கையில டம்ளரோட எந்திரிச்சு வந்துட்டேன்.

படி ஏறி ஏறித்தான் இந்த முட்டி இப்படி ஆயிருச்சு. எங்கயும் போக முடியறதில்ல. ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியல. கோயிலுக்குப் போனாலும் விசிலு அடிச்சிருப்பாரோ, அடிச்சிருப்பாரோன்னே இருக்குது. கோகிலா பெங்களூருக்கு வந்து பத்து நாளு இரும்மாங்கறா. எப்படிப் போறது? குக்கர் விசில் அடிச்சாக் கூட, "வந்துட்டேனுங்க"ங்கறேன். ஊடு கட்டி இத்தனை வருசத்துல இப்படி நான் ஊட்டோட கட்டிக் கெடந்ததே இல்ல. சிரிப்பா வருது கண்ணு. அவரை ஊட்ல இருக்க வெக்கோணும்னுதான நெனச்சேன்? இருக்கறாரு. எங்கயும் போகல. என்ற தலைக்கு மேலயேதான் இருக்கறாரு. நடக்கறது கேக்குது. இருமறது கேக்குது. ராவெல்லாம் நான் கீழ படுத்துட்டு அதைத்தான் கேட்டுட்டு இருக்கறேன்.

ஆனா முந்தாநாளு என்ன ஆச்சுன்னா, அதைச் சொல்றதுக்குத்தான் இத்தனையும் சொன்னேன், முந்தாநாளு நான் வட்டலை வெச்சுட்டுத் திரும்பறேன், அவரு பேசுனாரு! நெசமா. "கண்ணம்மா"ன்னாரு. என்ற பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. சொல்லுங்க, சொல்லுங்கன்னேன். "இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தாப்பா வேணும்"னாரு.

எதுக்குங்கன்னு கேட்டேன். "கொரங்கு வருது"ன்னாரு.

அவ்வளவுதான் பேசுனாரு. இருந்தாலும் பேசிட்டாருல்ல? எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டுட்டாருல்ல? நானா எத்தனையோ வாங்கி வாங்கி வெச்சேன் கண்ணு. சோபா, ஊஞ்சலு, புல்லு, லைட்டு. அவரு வாயைத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். அப்பறம் எப்படி வாங்காம இருப்பேன்? எங்கூர்க் கடையில தகரத்துலதான் இருந்துச்சு. அதான் ஈரோட்டுக்கே வந்துட்டேன். பாக்கறியா? தூக்கிப் பாரு, என்ன கனம். ஆசாரியையும் பொழுதோட வரச் சொல்லிப்போட்டேன். இன்னைக்கே மாட்டிக் குடுத்துரட்டும்.

ஆங், கேட்டு தொறந்துட்டான். அப்பாடா. கூட்ஸுதான், பாத்தியா, எத்தனை பெட்டி. போப்பா, போ, சீக்கிரம் போ.

என்ன கண்ணு கேட்ட? அதுவா? எங்கூர்ல கொரங்கு ஏது. மலையுமில்ல, காடுமில்ல. நான் கட்டிட்டு வந்ததுலருந்து அங்க ஒரு கொரங்கையும் பாத்ததில்ல.

என்னமோ. அவரு மேலயே இருக்கறவரு. அவருக்குத் தெரியுமாயிருக்கும்.

இது செட்டியார் தோட்டம். அடுத்தது நாந்தான். பையை அக்கட்டால வெச்சுட்டுச் சேலையைச் சரி பண்ணிக்கறேன். இந்தக் கண்டக்டரு நல்ல பையன், முட்டிக்காரின்னு கொஞ்சம் நிறுத்தி எறக்கி உடுவான். பாரு, இப்ப விசில் அடிப்பான்...

"இதோ வந்துட்டேனுங்க!"

ஐயய்ய, பாத்தியா, வாய் தன்னால வந்துருச்சு. பஸ்ஸே சிரிக்குது. சிரிக்கட்டும், சிரிக்கட்டும். வரேன் கண்ணு. நல்லாப் படி. காலா காலத்துல கல்யாணம் பண்ணிக்கோ.

என்ன? பையா? மறந்துட்டேனா? மறந்துட்டுப் போயிருப்பேன் பாரு, இத்தனை பாடுபட்டு வாங்கிட்டு வந்து. சீட்டுலயே கெடந்திருக்கும்.

கெடந்திருந்தாத்தான் என்ன.

இல்ல, குடு. குடு சாமி. ஆசாரி வந்து காத்திருப்பாரு. கடைக்காரன் சின்னது போதுமேம்மா, மாடிக் கதவுதானன்னான். நான்தான், இருக்கறதுலயே பெருசு குடுப்பான்னு கேட்டு வாங்குனேன். சின்னதாப் போட்டா நான் தள்ளற தள்ளுல தொறந்துக்கும் கண்ணு. என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?